அரசு மருத்துவச் சேவையும் தணிக்கையும்: நோயாளிகளும் பராமரிப்பவர்களும் அறிந்திருக்க வேண்டியவை

அரசு மருத்துவமனையில் உங்களுக்கு வழங்கப்படும் ஒவ்வொரு மாத்திரைக்கும் ஒரு கணக்கு உண்டு. அதை வாங்கியவர் யார், என்ன விலைக்கு வாங்கினார், எந்நாளில் கிடங்குக்கு வந்தது, எந்நாளில் எவருக்கு வழங்கப்பட்டது என்பவை அனைத்தும் பதிவேடுகளில் இருக்க வேண்டும். அப்பதிவேடுகள் உண்மையைக் கூறுகின்றனவா என்று, அவற்றை எழுதியவர்களுக்குக் கட்டுப்படாத வேறொருவர் சரிபார்ப்பதே தணிக்கை.

இது அலுவலர்களுக்கு மட்டும் உரிய செய்தி எனப் பலர் கருதுகின்றனர். ஆனால் மருந்து இருப்பில் இல்லை என்று திருப்பி அனுப்பப்படும் நோயாளியும், பழுதான ஸ்கேன் கருவியின் முன் காத்திருக்கும் பராமரிப்பாளரும், தம் காப்பீட்டு அட்டையில் தாம் பெறாத சிகிச்சை பதிவாகியிருப்பதைக் காணும் குடும்பமும் தணிக்கையோடு நேரடித் தொடர்பு உடையவர்களே. தணிக்கை எவ்வாறு நடைபெறுகிறது, அதனால் எதைச் செய்ய இயலும், எதைச் செய்ய இயலாது, அதில் உங்கள் பங்கு என்ன என்பவற்றை இப்பக்கம் விளக்குகிறது.

சுருக்கமாக

• அரசு மருத்துவமனைகள், மருந்துக் கொள்முதல், அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்கள் ஆகியவை அரசமைப்புச் சட்டத்தின்கீழ் இயங்கும் தற்சார்புடைய தணிக்கைக்கு உட்பட்டவை.
• தணிக்கை பணத்தை மட்டும் எண்ணுவதில்லை. அப்பணத்துக்கு உரிய சேவை மக்களைச் சென்றடைந்ததா என்பதையும் ஆராய்கிறது.
• தணிக்கை அறிக்கைகள் நாடாளுமன்றத்திலோ சட்டமன்றத்திலோ வைக்கப்பட்ட பின் எவரும் படிக்கக்கூடிய பொது ஆவணங்கள் ஆகின்றன.
• உங்கள் சிகிச்சையைப் பற்றிய பதிவுகள் சரியாக இருந்தால்தான் தணிக்கையும் சரியாக இருக்கும்.

தணிக்கை என்றால் என்ன?

தணிக்கை என்ற சொல்லைக் கேட்டதும் திரைப்படத் தணிக்கை நினைவுக்கு வரலாம். அங்கு அது காட்சிகளை நீக்குவதைக் குறிக்கும். அரசு நிருவாகத்தில் அச்சொல்லுக்குப் பொருள் வேறு. செலவழித்தவர் தரும் கணக்கை, அச்செலவில் பங்கு இல்லாத ஒருவர் சான்றுகளைக் கொண்டு சரிபார்த்து, கண்டவற்றை எழுத்தில் அறிவிப்பதே கணக்குத் தணிக்கை.

மருத்துவமனை வளாகத்தில் இச்சொல் மற்றொரு பொருளிலும் வழங்குகிறது. ஒரு தாய் பேறுகாலத்தில் இறக்க நேர்ந்தால், அதற்கான காரணங்களை மருத்துவர் குழு ஆராயும் தாய் மரணத் தணிக்கை அவ்வகையது. அது மருத்துவ முறையைத் திருத்துவதற்கான ஆய்வு. இப்பக்கம் பேசுவது பொதுப்பணத்தையும் பொதுச்சேவையையும் பற்றிய அரசுத் தணிக்கையை ஆகும்.

தணிக்கை செய்பவர் யார்?

இந்தியாவில் ஒன்றிய அரசு, மாநில அரசுகள் ஆகியவற்றின் கணக்குகளைத் தணிக்கை செய்யும் பொறுப்பு, இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளருடையது. செய்தித்தாள்களில் ‘சி.ஏ.ஜி.’ என்று குறிப்பிடப்படுபவர் இவரே. அரசமைப்புச் சட்டத்தின் 148 முதல் 151 வரையுள்ள பிரிவுகள் இப்பதவியையும் அதன் கடமைகளையும் வரையறுக்கின்றன. பணியின் விவரங்களை 1971ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று கூறுகிறது. மாநிலங்களில் கணக்காயர் அலுவலகங்கள் வாயிலாக இப்பணி நடைபெறுகிறது.

இவர் அரசின் எந்த அமைச்சகத்துக்கும் கீழ்ப்பட்டவர் அல்லர். உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்குவதற்குரிய அதே கடினமான நடைமுறையின்றி இவரைப் பதவியிலிருந்து நீக்க இயலாது. பதவிக்காலம் முடிந்த பின் ஒன்றிய அரசிலோ மாநில அரசிலோ வேறு பதவி ஏற்கவும் தகுதியில்லை. சரிபார்ப்பவர், சரிபார்க்கப்படுபவரின் தயவை எதிர்நோக்கும் நிலை வரக்கூடாது என்பதே இவ்வேற்பாடுகளின் நோக்கம்.

இதனோடு வேறு சில தணிக்கைகளும் உண்டு. துறைக்குள்ளேயே நடைபெறும் அகத் தணிக்கை, அன்றாடப் பிழைகளைக் கண்டறிகிறது. தேசிய நலவாழ்வு இயக்கத்தின் நிதியைக் கையாளும் சங்கங்களின் கணக்குகளைப் பட்டயக் கணக்காளர்கள் ஆண்டுதோறும் தணிக்கை செய்கின்றனர். அரசு நிறுவனங்களாகப் பதிவு செய்யப்பட்ட மருந்துக் கொள்முதல் கழகங்களுக்குத் தணிக்கையாளரை நியமிப்பவர் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர். தேவையெனில் அவரே துணைத் தணிக்கையும் செய்வார்.

தணிக்கையின் மூன்று வகைகள்

நிதித் தணிக்கை: கணக்குகள் உண்மையான நிலையைக் காட்டுகின்றனவா என்று பார்ப்பது. ஒரு மருத்துவமனை 10 லட்சம் ரூபாய்க்குப் படுக்கைகள் வாங்கியதாக எழுதியிருந்தால், அச்செலவுக்கு உரிய பட்டியலும் ஒப்புதலும் இருக்கின்றனவா என்பது இங்கு எழும் வினா.

இணக்கத் தணிக்கை: விதிகள் பின்பற்றப்பட்டனவா என்று பார்ப்பது. அப்படுக்கைகள் முறையான ஒப்பந்தப்புள்ளி வழியாக வாங்கப்பட்டனவா, உரிய அலுவலர் ஒப்புதல் அளித்தாரா என்பவை இதன் வினாக்கள்.

செயல்திறன் தணிக்கை: சிக்கனம், திறன், பயன் ஆகிய மூன்றையும் பார்ப்பது. படுக்கைகள் வந்துவிட்டன, விதிப்படியே வாங்கப்பட்டன. ஆனால் அவை பிரிக்கப்படாமல் கிடங்கிலேயே கிடக்க, நோயாளிகள் தரையில் படுத்திருக்கிறார்களா? முதல் இரு வகைகளிலும் குறையேதும் தென்படாத ஒரு செலவு, மூன்றாம் வகையில் பெருங்குறையாக வெளிப்படலாம். நோயாளிகளுக்கு மிக அணுக்கமான தணிக்கை இதுவே. பொது மருத்துவக் கட்டமைப்பு, மருத்துவச் சேவை மேலாண்மை ஆகிய பொருள்களில் அண்மை ஆண்டுகளில் பல மாநிலங்களில் இவ்வகைத் தணிக்கைகள் நடைபெற்றுள்ளன.

மருத்துவமனையில் தணிக்கையாளர் எவற்றைப் பார்க்கிறார்?

தணிக்கையாளர் மருத்துவர் அல்லர். ஒரு நோயாளிக்கு எந்த மருந்து கொடுத்திருக்க வேண்டும் என்று அவர் தீர்ப்பளிப்பதில்லை. அரசே வகுத்த தரத்தையும் நடைமுறையில் உள்ள நிலையையும் அருகருகே வைத்து ஒப்பிடுகிறார். இதற்கு அளவுகோலாக அமைவனவற்றுள் முதன்மையானவை இந்தியப் பொதுச் சுகாதாரத் தரநிலைகள். சமவெளியில் 30,000 மக்களுக்கும், மலைப்பகுதி, பழங்குடியினர் பகுதிகளில் 20,000 மக்களுக்கும் ஓர் ஆரம்பச் சுகாதார நிலையம் என்பது அவற்றில் உள்ள நெறி. நெறி இருப்பதால்தான் பற்றாக்குறையை அளந்து கூற முடிகிறது.

பொதுவாக ஆராயப்படுபவை:

• மருந்துகள்: இருப்புப் பதிவேட்டில் உள்ள எண்ணிக்கையும் கிடங்கில் உள்ள எண்ணிக்கையும் ஒத்துள்ளனவா? காலாவதியான மருந்துகள் தனியே வைக்கப்பட்டுள்ளனவா? இன்றியமையாத மருந்துகள் எத்தனை நாள்கள் இருப்பில் இல்லாமல் இருந்தன?
• தடுப்பூசிகள்: பெரும்பாலான தடுப்பூசிகள் 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் வைக்கப்பட வேண்டும். குளிர்பதனப் பெட்டியின் வெப்பநிலை நாள்தோறும் இருமுறை குறிக்கப்பட்டுள்ளதா?
• கருவிகள்: கருவி வந்து சேர்ந்த நாளுக்கும் நிறுவப்பட்ட நாளுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி? பழுதான நாள் எது, சீரமைக்கப்பட்ட நாள் எது? பராமரிப்பு ஒப்பந்தம் நடப்பில் உள்ளதா? எக்ஸ்ரே கருவிக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் உள்ளதா?
• பணியாளர்கள்: ஒப்பளிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை, நிரப்பப்பட்டவை எத்தனை? கருவி இருந்தும் அதை இயக்குபவர் இல்லாத நிலை உள்ளதா?
• கழிவுகள்: 2016ஆம் ஆண்டின் உயிர்மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி கழிவுகள் நிற வாரியாகப் பிரிக்கப்படுகின்றனவா? பயன்படுத்திய ஊசிகள் துளைபடாத வெள்ளைக் கலனில் இடப்படுகின்றனவா?
• பாதுகாப்பு: தீத்தடுப்புச் சான்று, இரத்த வங்கி உரிமம் போன்றவை நடப்பில் உள்ளனவா?

இவ்வினாக்களுள் எதுவும் நோயாளியின் வாழ்விலிருந்து விலகியது அன்று. குளிர்பதனப் பெட்டியின் பதிவேட்டில் சில நாள்களுக்குக் குறிப்பு இல்லையெனில், அந்நாள்களில் அதனுள் இருந்த தடுப்பூசிகள் ஆற்றலோடு இருந்தனவா என்று எவராலும் உறுதியாகக் கூற இயலாது. அத்தடுப்பூசியைப் பெற்ற குழந்தையின் பெற்றோருக்கு இது வெறும் எழுத்துப் பிழை ஆகாது.

ஒரு மாத்திரையின் பயணம்

தணிக்கைக்கு உரிய தடம் எவ்வாறு உருவாகிறது என்பதற்குத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் நடைமுறை தெளிவான எடுத்துக்காட்டு. 1994இல் நிறுவப்பட்ட இக்கழகம், மாநில அரசு மருத்துவமனைகளுக்குத் தேவையான மருந்துகளை ஒருங்கே கொள்முதல் செய்கிறது. வெளிப்படையான ஒப்பந்தப்புள்ளி வாயிலாக விலை முடிவாகிறது. மருந்துகள் மாவட்டக் கிடங்குகளுக்கு வருகின்றன. ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுக்கப்பட்டு ஆய்வகங்களுக்கு அனுப்பப்படுகிறது. தேறிய பின்னரே மருத்துவமனைகளுக்கு வழங்கப்படுகிறது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும், வங்கிக் கணக்குப் புத்தகம் போன்ற ஒரு புத்தகம் உண்டு. அதற்கு ஒதுக்கப்பட்ட தொகையும் அது பெற்ற மருந்துகளின் மதிப்பும் அதில் பதிவாகின்றன.

மருத்துவமனையில் அம்மாத்திரை முதன்மைக் கிடங்கிலிருந்து துணைக் கிடங்குக்கும், அங்கிருந்து மருந்தகச் சாளரத்துக்கும் செல்கிறது. மருந்தாளுநர் உங்கள் புறநோயாளிச் சீட்டைப் பார்த்து அதை வழங்குகிறார். இப்பயணத்தின் ஒவ்வொரு படியிலும் ஒரு பதிவு எழுதப்படுகிறது. இறுதிப் பதிவு உங்கள் கையில் உள்ள சீட்டு.

தணிக்கையாளர் இப்பாதையைப் பின்னோக்கியும் நடப்பார். சீட்டுகளின்படி 400 மாத்திரைகள் வழங்கப்பட்டிருக்க, பதிவேட்டில் 1,000 மாத்திரைகள் வழங்கப்பட்டதாக எழுதப்பட்டிருந்தால், மீதி 600 எங்கே என்று வினவுவார். சீட்டில் எழுதாமல் மருந்து கொடுப்பதும், கொடுக்காத மருந்தைக் கொடுத்ததாகக் குறிப்பதும் சிறு செயல்களாகத் தோன்றலாம். அவை நிகழும்போது இத்தடம் அறுந்துவிடுகிறது. அதன் பின் குறை எங்கே நேர்ந்தது என்பதைக் கண்டறிவது கடினம். மருந்து உண்மையிலேயே தீர்ந்துவிட்டதை மறைத்து, வழங்கியதாக எழுதிவிட்டால் வேறொரு தீங்கும் உண்டு. அடுத்த ஆண்டின் தேவை தவறாகக் கணக்கிடப்பட்டு, பற்றாக்குறை மீண்டும் தொடரும்.

ஓர் எடுத்துக்காட்டு: காப்பீட்டுத் திட்டத் தணிக்கை

ஆயுஷ்மான் பாரத் – பிரதம மந்திரி மக்கள் ஆரோக்கியத் திட்டம் 2018 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. தகுதியுள்ள ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லா மருத்துவமனைச் சிகிச்சை பெற இது வழிவகுக்கிறது. தமிழ்நாட்டில் இத்திட்டம் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தோடு இணைத்துச் செயற்படுத்தப்படுகிறது.

இத்திட்டம் தொடங்கியது முதல் 2021 மார்ச் வரையிலான காலத்துக்குத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் செயல்திறன் தணிக்கை மேற்கொண்டார். 2023 ஆகஸ்டில் அவ்வறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. அதில் கூறப்பட்டவற்றுள் சில:

• 7,49,820 பயனாளிகளின் பதிவுகள் 9999999999 என்ற ஒரே கைப்பேசி எண்ணோடு இணைக்கப்பட்டிருந்தன.
• சிகிச்சையின்போது இறந்துவிட்டதாக முன்னரே பதிவாகியிருந்த 3,446 நோயாளிகள் தொடர்பான கோரிக்கைகளுக்கு, மருத்துவமனைகளுக்கு 6 கோடியே 97 லட்சம் ரூபாய் வழங்கப்பட்டிருந்தது.
• கட்டணமின்றிச் சிகிச்சை பெற வேண்டிய நோயாளிகளிடமிருந்து சில மாநிலங்களில் மருத்துவமனைகள் பணம் பெற்றிருந்தன.

கைப்பேசி எண்ணைக் கொண்டு பயனாளியின் தகுதி முடிவு செய்யப்படுவதில்லை என்றும், அடையாளச் சரிபார்ப்பு வேறு வழிகளில் நடைபெறுகிறது என்றும் ஒன்றிய அரசு விளக்கம் அளித்தது. இவ்விளக்கத்தையும் அறிக்கையோடு சேர்த்தே கருத வேண்டும். ஒரே எண்ணில் பலர் பதிவானதனாலேயே அவர்கள் அனைவரும் போலியானவர்கள் என்று பொருள் கொள்ளக் கூடாது.

ஆயினும் இதில் நோயாளிக்கு ஒரு பாடம் உண்டு. உங்கள் அட்டையின் பேரில் சிகிச்சை பதிவாகும்போது தகவல் சென்று சேரும் வழிகளுள் ஒன்று கைப்பேசி. அவ்விடத்தில் பொருளற்ற எண் இருந்தால், உங்கள் பெயரில் என்ன நிகழ்கிறது என்பது உங்களுக்குத் தெரியவராது. திட்டத்தின் உச்சவரம்பு ஒரு குடும்பம் முழுமைக்கும் பொதுவானது. எவரோ பெறாத சிகிச்சைக்காக அத்தொகை குறைக்கப்பட்டால், அதே ஆண்டில் உங்கள் வீட்டில் ஒருவருக்கு இதய அறுவைச் சிகிச்சை தேவைப்படும்போது போதிய தொகை எஞ்சியிராது. தணிக்கை காத்து நிற்பது அரசின் பணத்தை மட்டுமன்று; தேவைப்படும் நாளில் உங்களுக்குக் கிடைக்க வேண்டியதையும் ஆகும்.

வினாவிலிருந்து சட்டமன்றம் வரை

தணிக்கை ஒரே நாளில் முடிவதன்று. அது பின்வரும் படிகளில் நடைபெறுகிறது.

1. எந்தத் துறை, எந்த மாவட்டங்கள், எந்த மருத்துவமனைகள் என்பது முன்கூட்டியே திட்டமிடப்படுகிறது. செலவின் அளவும் குறை நேரக்கூடிய வாய்ப்பும் கருத்தில் கொள்ளப்படுகின்றன.
2. குழுவினர் மருத்துவமனைக்கு நேரில் வந்து பதிவேடுகளைப் பார்க்கின்றனர். அலுவலர்களோடு சேர்ந்து கிடங்கையும் கருவிகளையும் ஆய்வு செய்கின்றனர். சில தணிக்கைகளில் நோயாளிகளிடமும் பயனாளிகளிடமும் கருத்துக் கேட்கப்படுவது உண்டு.
3. ஐயம் எழுந்தால் எழுத்தில் வினா விடுக்கப்படுகிறது. மருத்துவமனை விடையளிக்கிறது. விடை பொருத்தமாக இருந்தால் வினா அங்கேயே முடிகிறது.
4. எஞ்சியவை ஆய்வறிக்கையாக அனுப்பப்படுகின்றன. அலுவலக வழக்கில் இவற்றைத் ‘தணிக்கைத் தடை’ என்பர். இது சிகிச்சையையோ செலவையோ நிறுத்தும் ஆணை அன்று. விடை கூறப்பட வேண்டிய மறுப்புரை என்பதே இதன் பொருள்.
5. முதன்மையான குறைகள் துறைச் செயலாளரின் விளக்கத்துக்கு அனுப்பப்பட்டு, அவ்விளக்கத்தையும் சேர்த்து அறிக்கை உருவாகிறது.
6. அறிக்கை குடியரசுத் தலைவரிடமோ ஆளுநரிடமோ அளிக்கப்பட்டு, நாடாளுமன்றத்திலோ மாநிலச் சட்டமன்றத்திலோ வைக்கப்படுகிறது.
7. பொதுக் கணக்குக் குழு அவ்வறிக்கையை ஆராய்ந்து, துறை அலுவலர்களை அழைத்து வினவிப் பரிந்துரைகள் வழங்குகிறது. நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவில் 22 உறுப்பினர்கள் வரை உள்ளனர். 1967 முதல் அதன் தலைவராக எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் இருப்பது மரபு.
8. பரிந்துரைகளின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கையைத் துறை அறிவிக்க வேண்டும்.

ஒவ்வொரு படியிலும் மருத்துவமனைக்கும் துறைக்கும் விளக்கம் தர வாய்ப்பு அளிக்கப்படுவதைக் கவனியுங்கள். தணிக்கைக் குறிப்பு என்பது குற்றத் தீர்ப்பு அன்று. பல நேர்வுகளில், பணியாளர் பற்றாக்குறையால் நேர்ந்த குறையை மருத்துவமனையே வெளிப்படையாக எடுத்துரைக்க அது வாய்ப்பாகவும் அமைகிறது. செவிலியர் பணியிடங்கள் நிரப்பப்படவில்லை என்று தணிக்கை அறிக்கையில் அச்சாகும்போது, மருத்துவமனை நெடுநாள் கூறிவந்த தேவை சட்டமன்றத்தின் முன் வைக்கப்படுகிறது.

தணிக்கையால் இயலாதவை

தணிக்கையின் எல்லைகளையும் அறிந்திருப்பது நல்லது.

• தணிக்கையாளர் எவரையும் தண்டிப்பதில்லை. பணத்தை நேரடியாக மீட்பதும் இல்லை. நடவடிக்கை எடுப்பது அரசின் கடமை. எடுக்கவைப்பது சட்டமன்றத்தின் கடமை.
• தணிக்கை பெரும்பாலும் நடந்து முடிந்தவற்றைப் பற்றியது. மேலே கூறிய காப்பீட்டுத் திட்ட அறிக்கை, தணிக்கைக் காலம் முடிந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னரே அவையில் வைக்கப்பட்டது. இன்று உங்களுக்கு வேண்டிய மருந்தை அது இன்றே பெற்றுத் தராது.
• எல்லா மருத்துவமனைகளும் ஒவ்வோர் ஆண்டும் ஆராயப்படுவதில்லை. மாதிரியாகத் தெரிவு செய்யப்பட்டவையே ஆராயப்படுகின்றன. ஓர் அறிக்கையில் உங்கள் மருத்துவமனையின் பெயர் இல்லாததனால் அங்குக் குறையே இல்லை என்று பொருளாகாது.
• தனியொருவரின் குறையைத் தீர்ப்பது தணிக்கையின் பணி அன்று. அதற்கெனத் தனி வழிகள் உள்ளன.

நீங்கள் செய்யக்கூடியவை

1. சீட்டுகளைப் பாதுகாத்து வையுங்கள். புறநோயாளிச் சீட்டு, ஆய்வக முடிவுகள், டிஸ்சார்ஜ் சம்மரி எனப்படும் விடுவிப்புச் சுருக்கம் ஆகியவற்றை ஒரே உறையில் வைத்துக்கொள்ளுங்கள். தொடர் சிகிச்சைக்கும் அவை தேவைப்படும்.

2. பெற்ற மருந்தைச் சரிபாருங்கள். சீட்டில் குறித்த மருந்தும் எண்ணிக்கையும் கையில் கிடைத்தவையும் ஒத்துள்ளனவா என்று சாளரத்தை விட்டு நீங்குமுன் பாருங்கள். மருந்து இல்லையெனில், இருப்பில் இல்லை என்று சீட்டில் குறித்துத் தருமாறு பணிவுடன் கேளுங்கள்.

3. படித்த பின்னரே கையொப்பமிடுங்கள். காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் சிகிச்சை பெற்றவர் வீடு திரும்பும்போது, படிவத்தில் உள்ள சிகிச்சையின் பெயர், சேர்ந்த நாள், விடுவிக்கப்பட்ட நாள் ஆகியவற்றைப் பாருங்கள். படிக்க இயலாதவர் உடனிருப்பவரையோ மருத்துவமனையில் உள்ள திட்ட அலுவலரையோ படித்துக் காட்டச் சொல்லலாம். நிரப்பப்படாத படிவத்தில் கையொப்பமோ கைரேகையோ இட வேண்டாம்.

4. உங்கள் கைப்பேசி எண்ணைச் சரியாகப் பதிவு செய்யுங்கள். எண் மாறியிருந்தால் திருத்தம் கேளுங்கள். நோயாளிக்குக் கைப்பேசி இல்லையெனில், நம்பகமான குடும்ப உறுப்பினரின் எண்ணைத் தாருங்கள்.

5. பணம் கேட்டால் இரசீது கேளுங்கள். கட்டணமில்லாச் சிகிச்சைக்கு எவரேனும் பணம் கேட்டால் உடனே தெரிவியுங்கள். ஆயுஷ்மான் பாரத் திட்ட உதவி எண் 14555. தமிழ்நாட்டில் அரசு மருத்துவச் சேவை பற்றிய ஐயங்களுக்கும் குறைகளுக்கும் 104 என்ற எண்ணை அழைக்கலாம்.

6. குறையை எழுத்தில் கொடுங்கள். நிலைய மருத்துவ அலுவலரிடமோ மருத்துவக் கண்காணிப்பாளரிடமோ நாள், இடம், நிகழ்ந்தது ஆகியவற்றைக் குறிப்பிட்டு மனு அளித்து, ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள். வாய்மொழியாகக் கூறிய குறை மறைந்துவிடும். எழுத்தில் உள்ள குறை பதிவாக நிற்கும். பின்னாளில் தணிக்கையாளர் பார்க்கும் கோப்பிலும் அது இடம்பெறலாம்.

7. தகவல் கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன்கீழ், மருத்துவமனையின் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பித்து மருந்து இருப்பு, கருவிகளின் நிலை, பணியிட விவரம் ஆகியவற்றைக் கேட்கலாம். விடை பொதுவாக 30 நாள்களுக்குள் தரப்பட வேண்டும். ஒருவரின் உயிர் அல்லது சுதந்திரம் தொடர்பான தகவலாயின் 48 மணி நேரத்துக்குள் தரப்பட வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளோர் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை.

அடிக்கடி எழும் வினாக்கள்

தணிக்கை நடைபெறும் நாளில் சிகிச்சை நிறுத்தப்படுமா?
இல்லை. தணிக்கையைக் காரணம் காட்டிச் சிகிச்சையையோ மருந்து வழங்கலையோ மறுக்கக் கூடாது.

என் மருத்துவ விவரங்களைத் தணிக்கையாளர் பார்ப்பாரா?
கணக்கைச் சரிபார்க்கத் தேவையான பதிவேடுகளைக் கேட்டுப் பார்க்கும் அதிகாரம் சட்டப்படி அவருக்கு உண்டு. அலுவல்முறையில் பார்க்கப்படும் அவ்விவரங்கள் எண்ணிக்கைகளாகவே அறிக்கையில் இடம்பெறுகின்றன. அறிக்கைகள் பொதுவாக நோயாளிகளைப் பெயர் சுட்டிக் குறிப்பிடுவதில்லை.

தணிக்கையாளர் என்னிடம் வினவினால் விடை கூற வேண்டுமா?
கருத்துக் கேட்பில் பங்கு கொள்வது உங்கள் விருப்பம். நீங்கள் கூறும் விடையால் உங்கள் சிகிச்சை பாதிக்கப்படலாகாது. உங்களுக்குத் தெரிந்ததை உள்ளவாறே கூறுங்கள். தெரியாததைத் தெரியாது என்றே கூறலாம்.

என் சிகிச்சைப் பதிவுகளின் நகலை நான் பெறலாமா?
பெறலாம். 2002ஆம் ஆண்டின் மருத்துவர் நன்னடத்தை ஒழுங்குமுறைகளின்படி, உள்நோயாளியின் பதிவுகளை 3 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். நோயாளியோ அவரால் அதிகாரமளிக்கப்பட்டவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் வழங்க வேண்டும்.

தணிக்கை அறிக்கையை நான் படிக்க இயலுமா?
இயலும். அவையில் வைக்கப்பட்ட அறிக்கைகள் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் இணையதளத்தில் வெளியிடப்படுகின்றன. தொடக்கத்தில் உள்ள சுருக்கப் பகுதியைப் படித்தாலே முதன்மையான கருத்துகள் விளங்கும். அவையில் வைக்கப்படாத அறிக்கையைக் கேட்டால் மறுக்கப்படலாம். அது அவையின் உரிமையோடு தொடர்புடையது.

நினைவிற் கொள்க

தணிக்கையாளர் உங்கள் ஊர் மருத்துவமனைக்கு என்று வருவார் என்பது உங்களுக்குத் தெரியாது. அவர் வரும்போது நீங்கள் அங்கு இருக்கப்போவதும் இல்லை. உங்களுக்காக அங்கு இருப்பவை உங்கள் சீட்டும், நீங்கள் படித்துப் பார்த்து இட்ட கையொப்பமும், நீங்கள் எழுதிக் கொடுத்த மனுவுமே. அவை உண்மையாக இருக்குமாறு பார்த்துக்கொள்வது உங்களுக்கும், உங்களுக்குப் பின் அதே வரிசையில் நிற்கப்போகும் நோயாளிக்கும் நீங்கள் செய்யும் உதவி ஆகும்.